இரண்டாம் இடத்தில் இருந்த எண்

எங்கள் வீட்டுச் சமையலறையில் பதினேழு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. பதினாறில் தண்ணீரோ காபியோ குடிக்கலாம். பதினேழாவதில் யாரும் குடிக்கக் கூடாது. அது என் மனைவி தன் செல்போனை நிறுத்தி வைப்பதற்கென்று ஒதுக்கியது. டம்ளருக்குள் செங்குத்தாக நிறுத்தினால் மணிச் சத்தம் இரண்டு பங்காகக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாலும் எதிர்முனைக் குரல் கணீரென்று வரும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மிக்ஸி ஓடிய சத்தத்தில் மகனின் அழைப்பை இரண்டு தடவை தவறவிட்ட பிறகு அவளே கண்டுபிடித்தது.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, எடை போட்டு, அதிலிருந்து ஒரு தாலுகாவின் மகசூலைக் கணக்கிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. வீட்டிலிருந்து பால் பூத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மதுரைக் காளவாசல் சிக்னலில் சிவப்பு எத்தனை விநாடி எரிகிறது என்பது எனக்குத் தெரியும். வெளியே கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு நான்காவது முறை இழுக்கத் திரும்பி வருவேன். இப்படிப்பட்டவனோடு ஒருத்தி நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்பதையும் வாசிக்கிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். தமிழ் வாசிப்பாள், ஆங்கில எழுத்து தெரியாது. அவளுடைய பட்டன் போன் எங்கள் சின்ன மகன் வாங்கிக் கொடுத்தது. காளவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு பெண்தான் எண்களைப் பதிந்து தந்தாள். அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது. என் மனைவி ஒவ்வொருவரையும் தான் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே சொல்ல, கடைக்காரப் பெண் அதை ஆங்கில எழுத்தில் அடித்தாள். அந்த எழுத்து வரிசைப்படி முதலில் அக்கா, அடுத்து அம்மா, பிறகு அவுக, சின்னவன், சிலிண்டர், இப்படி மொத்தம் இருபத்து மூன்று. அவுக என்பது நான். ஆங்கிலம் தெரியாதவள் இருபத்து மூன்று பேரில் ஒருவரை எப்படித் தேடி எடுக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பெண்கள் போன் பேசுவதைப் பற்றி அந்தக் காலத்தில் எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. மாடி வீட்டு ஆசிரியைக்கு மூன்று வாட்ஸ்அப் குழுக்கள். மாவு பிசைந்த கையோடு கைமுட்டியால் திரையைத் தள்ளித் தள்ளிப் படிப்பார். மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை வாங்கி வந்து எங்கள் தெருவில் விற்கும் பூக்காரி, போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பூவுக்கடியில் வைத்திருப்பாள். கட்டிக்கொண்டே குரல் செய்தி அனுப்புவாள்; ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் மூன்று செய்தி. டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திருமங்கலம் வரும்வரை 'ம்' என்ற ஒரே எழுத்தை எழுபத்தொரு தடவை சொன்னாள். இவற்றையெல்லாம் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பேன். என் மனைவி சிரிக்க மாட்டாள். அந்தப் பெண்ணிடம் மறுமுனையில் யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்களோ என்பாள்.

தினமும் காலை பதினொன்று பத்துக்கு அவள் தன் அக்காவோடு பேசுவாள். நான் மதினி என்று கூப்பிடும் அவர் இவளைவிட எட்டு வயது மூத்தவர். பேரையூரில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். அரிசி களைந்து உலையில் போட்டதும் இவள் போனை டம்ளரில் நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்காருவாள். அங்கே மதினியும் ஏதாவது வேலையோடு உட்காருவார். ஹாலில் இருந்தபடி எனக்கு எல்லாம் கேட்கும்.

"என்னடி கொழம்பு?"

"கத்திரிக்கா."

"நேத்தும் அதத்தான சொன்ன?"

"நேத்து பொரிச்சது. இன்னைக்குப் புளி ஊத்தி."

"தம்பி என்ன செய்யிது?"

"இருக்காக. செவத்துல எத்தன பல்லின்னு எண்ணிக்கிட்டு."

பிறகு பேச்சே இருக்காது. இங்கே வெங்காயத் தோல் உரியும் சத்தம். அங்கே அம்மி, கோழி, தெருவில் போகும் மினி பஸ்ஸின் ஹாரன். ஐந்து நிமிடம் கழித்து இருவரில் ஒருவர் ஏதாவது சொல்வார். மீண்டும் சத்தமில்லை. ஒரு வாரம் நான் கடிகாரத்தை வைத்துக் குறித்தேன். சராசரியாக நாற்பத்து மூன்று நிமிடம் இணைப்பில் இருந்தார்கள். அதில் பத்தொன்பது நிமிடம் யாரும் பேசவில்லை. குறித்த தாளை அவள் முன்னால் வைத்து, பேசாமல் இருப்பதற்கு எதற்குப் போன் என்று கேட்டேன்.

"அக்கா அங்கன இருக்குல்ல" என்றாள். தாளை எடுத்து வெங்காயத் தோலை அதில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மார்கழிக் கடைசியில், பொங்கலுக்காக வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை அவள் மாடி வீட்டு ஆசிரியையோடு கோயிலுக்குப் போயிருந்தாள். அலமாரியைத் துடைக்கப் போன நான் டம்ளரில் இருந்த போனை எடுத்தேன். பட்டியலைத் திறந்து பார்த்தேன். எழுத்துப் பிழைகளைக் கண்டதும் எரிச்சல் வந்தது. அதைவிட, இரண்டாம் இடத்தில் 'அம்மா' என்று என் மாமியாரின் எண் இன்னும் இருந்தது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த இணைப்பும் எப்போதோ போய்விட்டது. கணக்கெடுக்கப் போகும் வீட்டில் இறந்தவர் பெயரை அடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவோம். அந்தப் பழக்கத்தில் அதை அழித்தேன். மூன்று பட்டன்கள் அமுக்கினேன், அவ்வளவுதான். மற்றவற்றைத் திருத்தலாம் என்பதற்குள் கண் வலித்தது. போனைத் துடைத்து டம்ளரில் வைத்தேன். அவள் திரும்பி வந்தபோது அலமாரி துடைத்ததைச் சொன்னேன். எண்ணை அழித்ததைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை. சொல்லும்படியான விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாட்டுத்தாவணிப் பக்கம் வேலை பார்க்கும் சின்ன மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அதனால் அவனுக்குப் போன் போடும் தேவை அவளுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்கு நெஞ்சு அடைத்தது. நாற்காலியில் பேப்பரோடு இருந்தேன். இடது கை கனத்தது. சட்டை முழுவதும் வியர்வை. அவளைக் கூப்பிட நினைத்தேன், குரல் வரவில்லை. பேப்பர் விழுந்த சத்தத்தில் வந்து பார்த்தாள். என் போன் மேஜை மேலேயே இருந்தது. ஆறு இலக்க எண் போட்டு அதைப் பூட்டி வைத்திருந்தேன். அந்த எண்ணை நான் யாருக்கும் சொன்னதில்லை, அவளுக்கும்கூட. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். சமையலறைக்கு ஓடித் தன் போனை எடுத்து வந்தாள்.

அவள் பட்டனை அமுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நடுப் பட்டன் ஒரு தடவை, பிறகு கீழ்ப் பட்டன் மூன்று தடவை, பிறகு பச்சை. அந்த வலியிலும் எண்ணினேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது. பதிவு செய்த குரல். வணக்கம் சொல்லி, தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.

"சின்னவனக் கூப்பிடும்மா" என்றாள் அந்தக் குரலிடம். "அவுகளுக்கு முடியல. சின்னவனக் கூப்பிட்டு விடும்மா."

குரல் மறுபடி ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். இன்னொரு ஒன்று. அதையும் அழுத்தினாள். நன்றி சொல்லி இணைப்பு அறுந்தது. மறுபடி மூன்று தடவை, பச்சை, அதே குரல். நான்கு முறை இது நடந்தது. நான்காவது முறை அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தக் குரலையும் கெஞ்சலையும் கேட்டபடி கிடந்தேன். பிறகு அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் செருப்பில்லாமல் ஓடினாள். மாடி வீட்டில் அந்நேரம் ஆளில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஒரு ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரி வாசலில் அவள் போனை வாங்கிப் பெயரைப் படித்து மகனுக்குச் சொன்னார். முப்பத்தைந்து நிமிடம் வீணாகியிருந்தது. சற்று முன்னால் வந்திருந்தால் இதயத்துக்கு இவ்வளவு சேதம் இருந்திருக்காது என்று மருத்துவர் மகனிடம் சொன்னாராம்.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. மாடி வீட்டு ஆசிரியை கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தார். யார் பதிவு செய்தது, எப்போது பதிவானது என்று விசாரித்ததில் கதை வெளியே வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் அம்மா சிலிண்டர் புக் பண்ணியிருக்கிறாள். மகன் முதலில் கோபப்பட்டான். நான் பிழைத்துவிட்டேன் என்று உறுதியானதும் கோபம் சிரிப்பாக மாறியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் அதைச் சொன்னான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பயந்தவர்கள் பயம் தெளிந்ததும் சிரிப்பது போன்ற சிரிப்பு.

மூன்றாம் நாள் அவள் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது, தலையணை பக்கத்தில் கிடந்த அவள் போனை எடுத்தேன். பன்னிரண்டு நான்கு, பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு ஏழு, பன்னிரண்டு பதினொன்று. நான்கு அழைப்பும் சிலிண்டருக்கு. ஏன் நான்கு முறையும் ஒரே தவறு என்று யோசித்தேன். தவறு செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தவறு செய்வார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் நான் பார்த்தது அதுதான். பட்டியலைத் திறந்து அவள் செய்தது போலவே கீழ்ப் பட்டனை மூன்று தடவை அமுக்கினேன். அக்கா, அவுக, சின்னவன், சிலிண்டர். அம்மா இருந்திருந்தால் மூன்றாவது அமுக்கில் சின்னவன் வந்திருப்பான்.

அவளும் எண்ணுகிறவள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்து மூன்று பேருக்கும் இருபத்து மூன்று இடம். அதை மனதில் வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஒரு தடவைகூடப் பிசகாமல் போன் போட்டிருக்கிறாள். அன்றும் பிசகவில்லை. நான்தான் அவளுக்குத் தெரியாமல் வரிசையில் ஒருவரை எடுத்திருக்கிறேன்.

அவள் சாப்பாட்டோடு வந்தாள். போனைத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது நாள் மதினி பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கடலையும். ஹாலில் மகன், மருமகள், என் அண்ணன் மகன், மாடி வீட்டு ஆசிரியை எல்லாரும் இருந்தார்கள். மதினி என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"என்கூட மட்டும் மணிக்கணக்காப் பேசத் தெரியுதுல்ல? புருசன் உசுருக்குக் கெடக்குறப்ப மகனுக்கு ஒரு போன் போடத் தெரியலையாடி ஒனக்கு?"

என் மனைவி அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எத்தனை விநாடி என்று எண்ணவில்லை என்று சொன்னால் பொய். ஆறு விநாடி. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நோயாளிக்குக் கிடைக்கிற சலுகையைப் பயன்படுத்தி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதினி சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் போனதும் இவள் டம்ளரிலிருந்து போனை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

"இது எனக்கு ஆகாதுப்பா. நீயே வச்சுக்க."

மகன் தன் வீட்டு மேஜை இழுப்பறையில் அதைப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கி வந்தான். பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவர் படத்தையும் வைத்து, படத்தைத் தொட்டால் போதும் என்று காட்டினான். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. மணி அடித்தால் சூடான பாத்திரத்தை முந்தானையால் பிடித்து வருவது போல ஓரத்தைப் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். மதினி முதல் மாதத்தில் பதினோரு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நான் எடுத்துக் கொடுப்பேன். நல்லாருக்கேன், சரி, வைக்கட்டுமா என்று மூன்று சொற்களில் முடிப்பாள். இரண்டாம் மாதம் நான்கு தடவை. பிறகு அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பதினொன்று பத்துக்கு அவள் வெங்காயம் உரிப்பது மட்டும் நிற்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

சொல்லாததற்கு ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் இருந்தது. முதலில், உணர்ச்சிவசப்படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறகு மகன் என் மேல் கோபப்படுவானே என்று இருந்தது. பிறகு கதை பரவிவிட்டது; இனிச் சொல்லி என்ன என்று இருந்தது. சிலிண்டர் கதையை என் காதுபட இருபத்தாறு தடவை சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

பதினான்காவது மாதம், காளவாசலுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகன் சாம்பார் வாளியோடு வந்தான்.

"ஏஞ் சித்தி, சித்தப்பாவுக்குக் காய்ச்சல்னா மாவு மில்லுக்குப் போன் போடுவீகளோ?"

பந்தியே சிரித்தது. அது இருபத்தேழாவது. அவளும் சிரித்தபடி இலையில் கையைக் காட்டிப் போதும் என்றாள். மதினி வந்திருக்கவில்லை, அவருடைய மருமகள் மட்டும் வந்திருந்தாள். கை கழுவும் இடத்தில் என் மனைவி அவளிடம் அக்காவைப் பற்றிக் கேட்டாள். அத்தைக்கு இரண்டு மாதமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை என்றாள் அந்தப் பெண். மதுரைக்குக் கூட்டி வந்து காட்டியும் மெஷின் வைத்துப் பார்த்தும் பயனில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று இவள் கேட்டதற்கு, "நீங்கதான் போன் எடுக்கிறதே இல்லையே சின்னத்த" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு அறுநூற்று நாற்பது எட்டு. அவள் தாம்பூலப் பையோடு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் சமையலறையில் நின்றாள். நான் வாசற்படியில் நின்றபடி சொல்லிவிட்டேன். அம்மா எண்ணை அழித்தது நான், வரிசை மாறியது அதனால்தான், நீ சரியாகத்தான் அமுக்கினாய் என்று.

"தெரியும்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ஆசுபத்திரில, நாலாம் நாளு. நீங்க தூங்குறப்ப ஒரு அமுக்கக் கொறச்சுச் சின்னவனுக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டு அமுக்குக்கே எடுத்தான். அம்மாவக் காணோம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவள் பையை இறக்கி வெற்றிலையைத் தனியாக, தேங்காயைத் தனியாக எடுத்து வைத்தாள். சற்று நேரம் கழித்து, அம்மா நம்பரை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அந்த எண் போகாது என்று தனக்குத் தெரியும் என்றாள். ஆனால் அக்காவைத் தவிர யாருக்குப் போட்டாலும் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, அது நன்றாக இருந்தது என்றாள். என்னிடம் முப்பத்தொரு நோட்டுகள் இருக்கின்றன. மழை அளவு, மின்சார யூனிட், பால் பாக்கெட் எண்ணிக்கை எல்லாம் அவற்றில் உண்டு. இரண்டு நாள் தேடினேன். அந்த எண் ஒன்றில்கூட இல்லை.

மூன்றாம் நாள் இருவரும் பேரையூருக்குப் பஸ் ஏறினோம். காது கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போனேன். மதினி மூன்றாம் வகுப்பு படித்தவர். சிறிய வாக்கியங்களாக ஆறு எழுதினேன். அம்மா எண்ணை நான் அழித்தேன். அதனால் வரிசை மாறியது. தங்கச்சி சரியாகத்தான் அமுக்கினாள். தப்பு என் பேரில். இது எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை.

மதினி வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தார். ஆறு வாக்கியத்துக்கு நான்கு நிமிடம் ஆனது. படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். காது கேட்காதவர்களின் உரத்த குரல். "இதச் சொல்லவா தம்பி பதினாலு மாசம்? எனக்குக் காது கேக்குறப்பச் சொல்லிருக்கலாம்ல?"

அவர் தங்கையின் முகவாயைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினார். உன்னை நான்தான் நாலு பேர் முன்னால் வைத்துப் பேசிவிட்டேன் என்றார். என் மனைவி ஏதோ பதில் சொன்னாள். மறுபடி சொன்னாள். மதினி அவள் வாயையே பார்த்தார்.

"என்னமோ சொல்ற. ஒதடு அசையிறதுதான் தெரியிது."

இரண்டு பேரும் பிறகு பேசவில்லை. மருமகள் மொச்சைக்காயைக் கொண்டுவந்து நடுவில் கொட்டினாள், உரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய் நின்றேன். மதினி வீட்டில் போன் எண்களைச் சுவரில் பென்சிலால் எழுதும் வழக்கம் உண்டு. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். எல்லா எண்களும் போய்விட்டன. ஆனால் அடித்தவர் காலண்டரைக் கழற்றாமல் அதைச் சுற்றி அடித்திருக்கிறார். காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். அழுக்குச் சுவரில் 'அம்மா' என்று மதினியின் கையெழுத்து, கீழே எண். ஏழு இலக்கம் இருந்தது. கடைசி மூன்று இலக்கம் காலண்டரின் விளிம்புக்கு வெளியே போய் வெள்ளைக்குள் மறைந்திருந்தது. மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் எண்கள். மதினியிடம் விரலால் சுட்டிக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அவருடைய பழைய போன் கிணற்றில் விழுந்து வருடக்கணக்காகிவிட்டதாம்.

ஏழு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். மகனிடம் பழைய போனைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டான், காரணத்தைச் சொன்னேன். அம்மாவிடம் நான் என்னென்ன பேசினேன் தெரியுமாப்பா என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியும், எண்ணியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. அண்ணன் மகனுக்கும் மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பத்தொன்பது பேர். பெரும்பாலோர், விடுங்க சித்தப்பா, விடுங்க மாமா, இன்னுமா அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் மகன் அதே கதையை அதே மாதிரி இன்னொருவருக்குச் சொன்னான். நான் குறுக்கிட்டுத் திருத்தினேன். கேட்டவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, சிலிண்டர் வந்த இடத்துக்குத்தான் மறுபடி சிரித்தார்.

பழைய போனின் பேட்டரி உப்பியிருந்தது. காளவாசல் கடைக்காரப் பெண்ணிடம் வேறு பேட்டரி போட்டு, டச் போனில் இருந்த சிம்மையும் இதற்கு மாற்றி வாங்கினேன். அம்மா என்ற பெயரில் ஏழே இலக்கத்தைப் பதிந்து தரச் சொன்னேன். இது யாருக்கும் போகாதே சார் என்றாள். போக வேண்டாம், இரண்டாவது இடத்தில் இருந்தால் போதும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தாள். வீட்டில் என் மனைவி போனை வாங்கி, நடுப் பட்டன், கீழே மூன்று, பச்சை என்று அமுக்கினாள். சின்னவன் எடுத்தான். சும்மாதான் போட்டேன் என்று சொல்லி வைத்தாள். கவிழ்த்து வைத்த டம்ளரை நிமிர்த்தினாள்.

இப்போது தினமும் பதினொன்று பத்துக்குப் பட்டியலில் முதல் பெயருக்குப் போடுகிறாள். டம்ளருக்குள்ளிருந்து மணி போகும் சத்தம் ஹால் வரை வருகிறது. அங்கே மதினி அந்நேரத்துக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், மருமகள் சொன்னாள். வெளிச்சம் வந்து அது அதிரும்போது அதன் மேல் கையை வைத்துக்கொள்வாராம். எடுப்பதில்லை, எடுத்து என்ன செய்வது. மணி முப்பத்தெட்டு விநாடி அடிக்கும். பிறகு, நீங்கள் அழைத்தவர் எடுக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். என் மனைவி அதுவரை வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் இருக்கிறாள். குரல் வந்த பிறகு உரிக்கத் தொடங்குகிறாள்.